எடைக் கட்டம் காலியாக இருக்கும் சீட்டு

நேயர்களுக்கு வணக்கம்.

மூளை பாதிப்பால் உடலசைவு தடுமாறும் மூளை முடக்குவாதம் (செரிப்ரல் பால்சி) உள்ள ஏழு வயதுச் சிறுமியைக் காய்ச்சலுக்காகத் தூக்கி வருகிறார்கள். அவளால் நிற்க முடியாது. எடை மேடையருகே ஒரு நொடி தயக்கம். "பரவாயில்லை, உள்ளே போங்க." ஓ.பி. சீட்டில் எடைக் கட்டம் காலி. மருத்துவர் வயதை வைத்து மருந்தளவு எழுதுகிறார். அவளோ நாலு வயதுக் குழந்தையின் எடைதான் இருப்பாள். வலிப்பு மருந்தை அப்படி எழுதினால் நாளெல்லாம் தூங்கி வழிவாள். "இந்த நோய்க்கு அப்படித்தான் இருக்கும்" என்று அதையும் நோயின் கணக்கில் சேர்த்துவிடுவோம்.

மாற்றுத்திறனாளிக் குழந்தைகளைப் பார்க்கக் குழந்தை மருத்துவர்களுக்குத் தரும் பயிற்சி இந்த எடை மேடையிலிருந்து தொடங்க வேண்டும். அம்மா குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஏறட்டும், பிறகு தனியாக ஏறட்டும், கழித்துக்கொள்ளலாம். உயரம் கொஞ்சம் சிக்கல். முதுகு வளைந்து கால் மடங்கிய குழந்தையை இழுத்து நீட்டி அளந்தால் வலிக்கும், அளவும் தப்பு. முழங்காலை 90 டிகிரி மடக்கி, குதிகாலின் அடியிலிருந்து முழங்காலின் மேல் வரை அளந்து, அதை 2.69-ஆல் பெருக்கி 24.2 கூட்டுங்கள். 30 சென்டிமீட்டர் வந்தால் உயரம் சுமார் 105. பன்னிரண்டு வயது வரை இந்தக் கணக்கு உதவும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. 1995 சட்டத்தில் ஏழுதான். மருத்துவக் கல்வியில் இதுபற்றிய பயிற்சி வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. ஆனால் ஒரு மணி நேர வகுப்பில் 21 வகையையும் திரையில் ஓட்டிவிட்டால் பயிற்சி முடிந்தது என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். மனப்பாடம் செய்த பட்டியல் ஓ.பி.யில் உதவாது.

உதவுவது என்ன? பேச்சு வராத குழந்தை இரண்டு நாளாக அழுகிறது என்று வைத்துக்கொள்வோம். தலை முதல் கால் வரை பார்க்கக் கை பழகியிருக்க வேண்டும். கண்ணில் கீறல், காதில் சீழ், சொத்தைப் பல், நெஞ்செரிச்சல், மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, குடலிறக்கம், இடுப்பு மூட்டு, நடக்காததால் வலுவிழந்த எலும்பில் முறிவு. அடிக்கடி தப்பிப்போவது மலச்சிக்கலும் பல்லும்தான். வலியை அளக்க முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண் போடும் முறை உண்டு, மொத்தம் பத்து. அதில் அம்மாவின் கருத்தையும் சேர்க்க வேண்டும். சில குழந்தைகள் வலித்தால் அழவே மாட்டார்கள், ஒடுங்கி அமைதியாகிவிடுவார்கள். அது வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.

இடுப்பு மூட்டு பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். மூளை முடக்குவாதக் குழந்தைகளை அசையும் திறனை வைத்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறோம். ஐந்தாம் நிலை என்றால் தலையைக்கூடத் தாங்கிப் பிடிக்க முடியாதவர்கள். அவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு இடுப்பு மூட்டு மெல்ல விலகுகிறது. தொடக்கத்தில் வலி இருக்காது, அதனால் எக்ஸ்ரே எடுத்துக்கொண்டே வர வேண்டும். தொடை எலும்பின் தலைப்பகுதி 30 சதவீதத்துக்கு மேல், அது பொருந்தியிருக்கும் இடுப்பெலும்புக் கிண்ணத்துக்கு வெளியே வந்துவிட்டால் எலும்பு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். இங்கே தவறு நடப்பது எக்ஸ்ரே மேசையில். கால்கள் கத்தரிபோல் பின்னிக் கிடக்கப் படம் எடுத்தால் அளவு பொய் சொல்லும். முழங்கால் சில்லு மேல்நோக்கி இருக்கும்படி ஒருவர் பிடித்துக்கொள்ள வேண்டும். பயிற்சி மருத்துவர் ஒரு தடவையாவது அந்த அறைக்குள் போய்ப் பார்க்கட்டும்.

அடுத்தது சாப்பாடு. மாதாமாதம் நிமோனியா என்று வரும் குழந்தைக்கு ஆன்டிபயாடிக் மாற்றுவதற்கு முன், அதற்கு எப்படி ஊட்டுகிறார்கள் என்று பார்க்க வேண்டும். நேயர்களே, இப்போதே அண்ணாந்து விட்டத்தைப் பார்த்தபடி எச்சிலை விழுங்கிப் பாருங்கள். சிரமமாக இருக்கிறதல்லவா? மடியில் படுக்கவைத்து, தலை பின்னால் சரிய ஊட்டும்போது அந்தக் குழந்தைக்கும் அதே சிரமம், உணவு மூச்சுக்குழாய்க்குள் போகிறது. நிமிர்த்தி உட்காரவைத்து, முகவாயைச் சற்றே தாழ்த்தி, கரண்டியை எதிரிலிருந்து வாயின் மட்டத்தில் கொண்டுவர வேண்டும். ஒரு வேளைச் சாப்பாடு அரை மணிக்கு மேல் இழுத்தாலே விழுங்குவதில் கோளாறு என்று எடுத்துக்கொள்ளலாம். புரையேறாவிட்டால் சரியாக விழுங்குகிறது என்று நம்பக் கூடாது. இருமலே இல்லாமலும் உள்ளே போகும்.

டவுன் சின்ட்ரோம் குழந்தைகளுக்கு வழி தெளிவாகவே இருக்கிறது. ஏறக்குறைய பாதிப் பேருக்கு இதயக் குறை இருப்பதால், ஸ்டெத்தில் ஒன்றும் கேட்காவிட்டாலும் பிறந்தவுடன் எக்கோ எனும் இதய ஸ்கேன். தைராய்டு பரிசோதனை பிறந்தபோது, ஆறாம் மாதம், ஓராண்டில், பிறகு ஆண்டுதோறும்.

இதையெல்லாம் எங்கே கற்பது? 2013-இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தின்கீழ் குழந்தைகளின் குறைபாடுகளைத் தொடக்கத்திலேயே கண்டு சிகிச்சை தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்கள் இயங்குகின்றன. எம்.டி. படிப்பவர்களுக்கு மூன்று மாத மாவட்டப் பணி கட்டாயம். அதில் இரண்டு வாரத்தையாவது இந்த மையத்தில், பிசியோதெரபிஸ்டுடன் பாயில் உட்கார்ந்து கழிக்கலாம். மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் தெரியாதது பாயில் தெரியும். குழந்தை எந்தப் பக்கம் சாய்கிறது, எந்தக் கையை ஒளிக்கிறது என்பதெல்லாம்.

குழந்தையிடம் பேசவும் பழக வேண்டும். பேச்சுத் தசை ஒத்துழைக்காத குழந்தைக்குப் புரிதலும் இல்லை என்று முடிவுகட்டிவிடுகிறோம். "இவள் 'ஆமாம்' என்பதை எப்படிச் சொல்வாள்?" என்று அம்மாவிடம் முதலிலேயே கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். கண்ணை மேலே தூக்குவதாக இருக்கலாம், நாக்கை நீட்டுவதாக இருக்கலாம். பிறகு கேள்வியை அவளிடமே கேட்டுவிட்டுப் பத்து விநாடி காத்திருங்கள். பத்து விநாடி நீளமானது. பெரும்பாலோர் மூன்றாவது விநாடியில் அம்மா பக்கம் திரும்பிவிடுகிறார்கள்.

தேர்வில் இதற்கு மதிப்பெண் இருந்தால்தான் மாணவர்கள் பழகுவார்கள். செய்முறைத் தேர்வில் ஓர் இடத்தில் பேராசிரியருக்குப் பதிலாகத் தாயை உட்காரவையுங்கள். எடை பார்த்தாரா, குழந்தையிடம் பேசினாரா, தொடுவதற்கு முன் சொன்னாரா என்று அவரே மதிப்பெண் போடட்டும். வரும் தாய்மாருக்கு அன்றைய கூலியும் ஆட்டோ செலவும் கல்லூரி கொடுத்துவிட வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏற முடியாது.

நன்றி, வணக்கம்.