லுக்லாவில் இறங்கும் விமானம்

நேயர்களுக்கு வணக்கம். விமான விபத்து என்றதும் இன்ஜின் பழுது என்றுதான் பலரும் நினைக்கிறோம். மலைநாட்டுச் சிறு ஓடுபாதைகளில் பழுதே இல்லாத விமானமும் தரையில் மோதுகிறது. பல வருடமாக என் மனதை அரிக்கும் விஷயம் இது.

நேபாளத்தில் லுக்லா. எவரெஸ்டுக்குப் போகிறவர்கள் வந்து இறங்கும் ஊர். 1964-ல் எட்மண்ட் ஹிலாரி முன்னின்று, ஷெர்பா மக்களை வைத்து அமைத்த ஓடுபாதை. இந்தக் கதையைச் சொல்லாமல் என்னால் மேலே போக முடியாது. வெட்டிய மண் பொதபொதவென்று கிடந்தது. சாலையே இல்லாத ஊருக்கு ரோடு ரோலர் எப்படி வரும்? ஹிலாரி உள்ளூர்ச் சாராயம் வாங்கிக் கொடுத்து, காலை ஓங்கி மிதித்து ஆடும் அவர்களுடைய ஆட்டத்தை அந்த மண்மேலேயே ஆடச் சொன்னார். ஆடி ஆடியே தரை இறுகியது! 2001-ல்தான் தளம் போட்டார்கள்.

கடல் மட்டத்திலிருந்து 2,800 மீட்டருக்கு மேல். நீளம் 527 மீட்டர்தான். ஒரு முனையில் பள்ளத்தாக்கு, மறுமுனையில் மலை. இரண்டு முனைக்கும் சுமார் 60 மீட்டர் உயர வித்தியாசம். மேட்டை நோக்கித்தான் இறங்க வேண்டும். கிட்டே வந்தபின் 'வேண்டாம், மறுபடி சுற்றி வருவோம்' என்று எழும்ப முடியாது. எதிரே மலை. இதை மறந்துவிடாதீர்கள், எழும்ப முடியாது.

மலைப்பாதையில் பேருந்தில் போகும்போது ஏற்றமா இறக்கமா என்று கண் ஏமாறுமே, அந்த ஏமாற்றம் விமானிக்கும் உண்டு. ஏறுமுகமான ஓடுபாதையை எதிரே பார்த்தால், தான் அதிக உயரத்தில் வருவதாகத் தோன்றும். தாழ்த்துவார். உண்மையில் ஏற்கெனவே சரியான உயரத்தில்தான் இருந்திருப்பார். இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள்தான் அங்கே ஓட்டுகிறார்கள். ஆனால் பயிற்சி பெற்ற கண்ணுக்கும் ஓடுபாதை தெரிந்தாக வேண்டுமே.

2008 அக்டோபர் 8. ட்வின் ஆட்டர் என்கிற சிறு விமானம். இறங்கும் நேரத்தில் மேகம் மூடியது. ஓடுபாதையைத் தொடுவதற்குச் சற்று முன்னால், கீழே மோதியது. இருந்த 19 பேரில் 18 பேர் இறந்தார்கள். பிழைத்தவர் தலைமை விமானி ஒருவரே. அந்தப் பதினெட்டுப் பேரையும் நினைக்காமல் இந்தப் பேச்சை நான் பேசியதில்லை.

காற்று மெலிந்த உயரத்தில் விமானம் எப்படி வேகமாக வந்து இறங்குகிறது என்று விரிவாகச் சொல்ல நினைத்தேன். நேரம் முடிகிறது என்கிறார்கள். ஒன்று மட்டும்: கருவி காட்டுவதைவிட உண்மை வேகம் அங்கே சுமார் 15 சதவீதம் கூடுதல். மதியமானால் காற்றும் சேர்ந்துகொள்ளும். அதனால்தான் பெரும்பாலும் காலையிலேயே பறக்கிறார்கள். போகிறவர்கள் இரண்டு நாள் கூடுதலாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், விமானியை அவசரப்படுத்தாதீர்கள். நன்றி, வணக்கம்.