சுரங்கத்துத் தட்டும் வழியில் விழுந்த கோடுகளும்

வணக்கம் நண்பர்களே. சுரங்கத்தில் வைத்த எமல்ஷன் தட்டுகள் (துகள்களின் தடத்தைப் பதியும் ஒளிப்படப் பூச்சு பூசிய கண்ணாடிகள்) திரும்பியதும் காட்டுவதாகச் சென்ற காணொளியில் வாக்களித்திருந்தேன். வந்துவிட்டன, டெவலப் செய்தும் ஆயிற்று, ஆனால் முதலில் என் எரிச்சலைக் கொட்டிவிடுகிறேன்.

எமல்ஷனுக்கு ஷட்டர் கிடையாது. ஜெலட்டினில் கலந்திருக்கும் சில்வர் புரோமைடு மணிகள், கண்ணாடியில் பூசிய நாள் முதல், தங்களைக் கடக்கும் மின்னூட்டத் துகள்களின் தடத்தை ஏந்திக்கொண்டே இருக்கின்றன. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் 1 மியூவான் (விண்கதிர்கள் வளிமண்டலத்தில் மோதும்போது பிறக்கும் மின்னூட்டத் துகள்) விழுவதால், கூரியரில் ஒரு வாரம் அலைந்த தட்டில் அதே பரப்பில் பத்தாயிரம் கோடுகள் ஏறிவிடும். பார்சலில் எச்சரிக்கை ஒட்டினேனா என்று கேட்காதீர்கள். ஒட்டினேன், மியூவானுக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

இத்தாலியில் 1400 மீட்டர் பாறைக்கு அடியில் உள்ள கிரான் சாசோ ஆய்வகத்தில் நியூட்ரினோ துகள்களைத் தேடிய ஓபெரா ஆய்வுக்கும் இதே தலைவலி இருந்தது. ஈயத் தகடுகளுக்கிடையே 57 பிலிம்களை அடுக்கிய செங்கற்கள் சுமார் 1.5 லட்சம், அத்தனை பிலிம்களையும் ஜப்பானின் டோனோ சுரங்கத்தில் வெப்பமும் ஈரமும் கொடுத்து, பழைய தடங்களை மங்கச் செய்த பிறகே அனுப்பினார்கள். என்னிடம் அந்த வசதி இல்லை.

ஆனால் ஒரு தந்திரம் இருக்கிறது, அதைச் செய்தபோது நாற்காலியிலிருந்து துள்ளிவிட்டேன். பயணத்தின்போது, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் இரட்டைத் தட்டுகளில் ஒன்றை அரைவட்டம் திருப்பிக் கட்டியிருந்தேன். சுரங்கத்தில் மட்டும் நேராகப் பொருத்தினேன். எனவே நேர்ப் பொருத்தத்தில் மேல் தட்டிலிருந்து கீழ்த் தட்டுக்கு அறுபடாமல் தொடரும் கோடு சுரங்கத்தில் விழுந்ததாகத்தான் இருக்க வேண்டும், தற்செயலாக ஒத்துப்போகும் சிலவற்றைத் தவிர.

ஒன்றை விட்டுவிட்டேன்: டெவலப் செய்தபின் முக்கும் ஃபிக்ஸர் கரைசலில், மிச்சமிருக்கும் சில்வர் புரோமைடு கரைந்து வெளியேறியதும் எமல்ஷன் ஏறத்தாழப் பாதித் தடிமனுக்குச் சுருங்கிவிடும். இந்தச் சுருக்கத்தைக் குறைக்க முதல் இணையை கிளிசரினில் ஊற வைக்க மறந்ததால் சாய்ந்த கோடுகளெல்லாம் படுத்துவிட்டன. சுருக்கத்தைக் கணக்கில் சேர்க்காமல் கோணம் பொருந்தவில்லை என்று இரண்டு இரவுகள் தட்டுகளைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இன்னொன்று, குட்டையாய், தடித்து, கறுப்பாய்த் தெரிபவை கதிரியக்கத்தில் வெளிப்படும் ஆல்ஃபா துகள்களின் தடங்கள். ரேடான் என்ற கதிரியக்க வாயுவும் பாறையிலுள்ள யுரேனியம், தோரியமும் தரும் தொல்லை. அவற்றை எனக்குச் சுத்தமாகப் பிடிக்காது. மியூவானோ மெல்லிய நூலில் கோத்த வெள்ளிமணிகள் போல, இடைவெளி விட்டு, நேராகப் போகும். நேற்றிரவு இரண்டாம் இணையில் அப்படி ஒன்று மேல் தட்டின் அடிவிளிம்பில் மறைந்து, கீழ்த் தட்டில் எதிர்பார்த்த இடத்திலேயே, அதே சாய்வில் மீண்டும் எழுந்தது. அதைத்தான் இப்போது திரையில் பார்க்கிறீர்கள்.