நீர்நாயின் மீசை முடியும் வாக்னரின் மோதிரமும்

எல்லாருக்கும் வணக்கம். இன்று ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னர். பயந்து ஓடிவிடாதீர்கள், அவருடைய நான்கு ஆப்பராக்களின் தொகுதியான 'நீபெலுங்கின் மோதிரம்' மொத்தம் சுமார் 15 மணி நேரம் ஓடும், அதையெல்லாம் சொல்லப்போவதில்லை. அதன் முதல் ஆப்பரா, 1869-இல் மியூனிக்கில் முதலில் மேடையேறிய 'ரைன்கோல்ட்', அதில் கடைசிக் காட்சி மட்டும்.

வோட்டான் தேவர்களின் தலைவன். கோட்டை கட்டித் தந்த இரண்டு அரக்கர்களுக்குக் கூலியாகத் தன் மைத்துனி ஃப்ரையாவையே தருவதாக வாக்குக் கொடுத்துவிட்டான். வேலை முடிந்ததும் மனசு வரவில்லை, அவளுக்குப் பதில் தங்கம் என்று பேச்சு முடிகிறது. சரி, எவ்வளவு? அவளை முழுக்க மறைக்கும் அளவுக்கு! குவிக்கிறார்கள். கூந்தல் மின்னுகிறது, அதற்கு மாயத் தலைக்கவசம் போகிறது. அப்போதும் ஓர் இடுக்கில் அவள் கண் தெரிகிறது. அரக்கர்களில் ஒருவனான ஃபாஸோல்டுக்கு அவள்மேல் நிஜமாகவே ஆசை. அந்தக் கண்ணைப் பார்த்ததும், இவளை விடமாட்டேன் என்கிறான். இடுக்கை அடைக்க மிச்சம் இருப்பது வோட்டான் விரலில் உள்ள மோதிரம்தான்.

இது எங்கிருந்து வந்தது தெரியுமா? 13-ஆம் நூற்றாண்டில் ஐஸ்லாந்துக்காரர் ஸ்னோரி ஸ்டுர்லுசன் எழுதிய 'எட்டா' என்ற புராணக்கதை நூலிலிருந்து. அங்கே பெண்ணே கிடையாது, நீர்நாய்தான்! தந்திரக்காரத் தெய்வமான லோகி கல்லெறிந்து ஒரு நீர்நாயைக் கொன்றுவிடுகிறான். பார்த்தால் அது ஹ்ரெய்த்மாரின் மகன், உருமாறி மீன் பிடித்துக்கொண்டிருந்தவன். அப்பன் கேட்கும் ஈடு: தோலுக்குள் தங்கத்தை நிரப்பு, வெளியேயும் மூடு. எல்லாம் முடிந்தபின் உற்றுப் பார்க்கிறான். ஒரே ஒரு மீசை முடி வெளியே நிற்கிறது. அதை மறைக்க ஓடின், அதாவது அந்தக் கதையின் வோட்டான், மோதிரத்தைக் கழற்ற வேண்டியதாகிறது.

மீசை முடி, ஒரு பெண்ணின் கண்ணாகிவிட்டது. பழைய கதையில் அது வெறும் கொலைக்கணக்கு. வாக்னர் கையில் அதற்குள் ஒருவனின் ஏக்கம் புகுந்துகொள்கிறது. அவர் மூலக்கதைகளிலிருந்து எடுத்ததிலேயே கெட்டிக்காரத்தனமான திருட்டு இதுதான் என்பேன்.

மற்ற மாற்றங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். எட்டாவில் மோதிரத்தைச் சபிப்பவன், மீனாகத் தண்ணீரில் கிடந்தபோது லோகியிடம் பிடிபட்டுப்போன குள்ளன் அந்த்வாரி, வாக்னரிடம் அவன் ஆல்பெரிஹ். இளமை தரும் ஆப்பிள்கள் அங்கே இதுன் என்ற தேவியிடம் இருக்கும். வாக்னர் அவற்றை ஃப்ரையாவிடம் கொடுத்துவிட்டார். காதலைத் துறந்தவனே மோதிரம் செய்ய முடியும் என்ற நிபந்தனை மட்டும் முழுக்க வாக்னருடையது.

ஃபாஃப்னிர் அங்கே ஹ்ரெய்த்மாரின் இன்னொரு மகன், தங்கத்துக்காகத் தகப்பனையே கொல்கிறான். வாக்னரின் ஃபாஃப்னர் அந்த இரண்டு அரக்கர்களில் மற்றவன். பங்கு பிரிக்கும்போதே அண்ணன் தம்பி உறவெல்லாம் போய், ஃபாஸோல்டை அடித்துப் போட்டுவிட்டு மூட்டை கட்டத் தொடங்குகிறான். இரண்டு கதையிலும் அவன் அப்புறம் டிராகனாகிப் புதையலின் மேல் படுத்துவிடுவான். அவனை வீரன் சீக்ஃப்ரீட் எப்படிக் கொல்கிறான் என்பது அடுத்த வீடியோவில்.