இருபத்தைந்து வயசுக்கு என்ன ஆபத்து?

எல்லோருக்கும் வணக்கம். 2024 மே மாதம் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றியது, நினைவிருக்கும். கொரோனாவுக்குப் போட்ட கோவிஷீல்டு ஊசியால் ரத்தம் உறையலாம் என்று, அதை உருவாக்கிய அஸ்ட்ராஜெனெகா கம்பெனியே லண்டன் கோர்ட்டில் ஒத்துக்கொண்டுவிட்டது, போட்டவர்கள் எல்லாம் ஜாக்கிரதை என்று. அதைப் படித்துவிட்டு, மூன்று வருஷத்துக்கு முன்னால் ஊசி போட்ட பையன்கள் எல்லாம் இப்போது ரத்தப் பரிசோதனை எடுக்கலாமா சார் என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

அந்தப் பக்கவிளைவு உண்மைதான். ஆனால் அது 2021 ஏப்ரலிலேயே வெளியில் வந்த விஷயம், யாரும் ஒளித்து வைக்கவில்லை. மிக அரிதாக, ஊசி போட்ட முதல் சில வாரங்களில் வருவது. மூன்று வருஷம் கழித்து வராது. அதனால் அந்தப் பயத்தை இங்கேயே விட்டுவிடலாம். நான் பேச வந்தது வேறு. அதே 2021-ல், அதே ஊசியைப் பற்றி, இரண்டு நாடுகள் 25 வயதுக்காரர்களுக்கு இரண்டு விதமாகப் பதில் சொன்னன, இரண்டுமே சரிதான். எப்படி என்று பார்ப்போம்.

2021 ஏப்ரல் 7-ஆம் தேதி பிரிட்டனில், வேறு உடல்நலக் கோளாறு இல்லாத 30 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இந்த ஊசிக்குப் பதில் வேறு ஊசி கொடுப்பது நல்லது என்றார்கள். ஒரு மாதத்தில் அதை 40 வயது வரை நீட்டினார்கள். அன்றைக்கு கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகப் புள்ளியியல்காரர்கள் போட்ட கணக்கு ஒன்று இருக்கிறது, இதைவிடத் தெளிவாக ஆபத்தை விளக்கி நான் பார்த்ததில்லை. தொற்று குறைவாகப் பரவும் காலத்தில், 20 முதல் 29 வயதுள்ள ஒரு லட்சம் பேருக்கு ஊசி போட்டால், 16 வாரத்தில் 0.8 பேர் ஐ.சி.யூ. போவது தடுக்கப்படும். ஊசியால் கடுமையான பாதிப்பு வருவது 1.1 பேருக்கு. அப்படியென்றால் ஊசியின் பக்கம்தான் ஆபத்து லேசாகக் கூடுதல். அதே வயது, அதே ஊசி, ஆனால் தொற்று வேகமாகப் பரவுகிறது என்றால்? தடுக்கப்படுவது 6.9 ஆகிவிடுகிறது, பாதிப்பு அதே 1.1-தான். 60 வயதைத் தாண்டியவர்களுக்கோ பரவல் குறைவாக இருக்கும்போதே தடுக்கப்படுவது 14.1, பாதிப்பு 0.2. அங்கே யோசிக்கவே ஒன்றுமில்லை.

இப்போது நம் ஊருக்கு வாருங்கள். 18 வயதைத் தாண்டிய எல்லோரும் போட்டுக்கொள்ளலாம் என்று இந்தியா திறந்துவிட்டது 2021 மே 1-ஆம் தேதி. அந்த வாரத்தில் நாட்டில் ஒரு நாளைக்கு 4 லட்சம் பேருக்கு மேல் தொற்று, கையில் இருந்ததோ பெரும்பாலும் கோவிஷீல்டு, கொஞ்சம் கோவாக்சின். பிரிட்டனில் பரவல் அடங்கியிருந்தது, மாற்று ஊசியும் இருந்தது. லண்டனில் இருந்த 25 வயதுப் பையன் காத்திருந்தது சரி, மதுரையில் இருந்தவன் வரிசையில் நின்றதும் சரி.

ஆனால் இதெல்லாம் தனி ஆளுக்குப் போடுகிற கணக்கு. நம் வீடுகளில் யார் தனி ஆள்? 2020-இல் வந்த ஆய்வுகளின்படி, தொற்று வந்தவர்களில் இறப்பது 25 வயதில் பத்தாயிரத்தில் ஒருவர், 65 வயதில் ஆயிரத்துக்குப் பதினான்கு பேர், 75-ல் நூற்றுக்கு நாலைந்து பேர். ஊசி வருவதற்கு முந்தைய நிலவரம் அது. "எனக்கு ஒண்ணும் ஆகாது" என்று மகன் சொன்னால், அவனைப் பொறுத்தவரை அது ஏறக்குறைய சரியான பேச்சு. அவன் கொண்டுவருவது சர்க்கரையும் பிரஷரும் உள்ள அப்பத்தாவுக்குப் போகிறதே, அந்தக் கணக்கைத்தான் அவன் போடவில்லை.

திருப்பியும் பாருங்கள். பெரியவர்களுக்குத்தானே வரும் என்று 35 வயது அப்பாவும் அம்மாவும் இருந்துவிட முடியாது. சின்ன விகிதம்தான், ஆனால் கோடிக்கணக்கானவர்களுக்குத் தொற்று வரும்போது சின்ன விகிதமும் பெரிய எண்ணிக்கையாகிவிடும். பெற்றோர் இருவரையும் கொரோனாவில் இழந்த பிள்ளைகளின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்பு என்று தமிழக அரசு 2021 மே மாதக் கடைசியில் அறிவித்தது. அப்படி ஒரு திட்டம் தேவைப்பட்டது என்பதே போதும். கர்ப்பிணிகள் விஷயமும் இதுதான். ஊசி போடாமல் இருப்பதே பத்திரம் என்று பல வீடுகளில் முடிவெடுத்தார்கள், அரசும் 2021 ஜூலை 2-ஆம் தேதிதான் அனுமதித்தது. இரண்டாம் அலை அதற்குள் உச்சத்தைத் தாண்டிவிட்டது. ஒன்றும் செய்யாமல் இருப்பதற்கும் ஒரு ஆபத்து உண்டு, அது கண்ணுக்குத் தெரியாததால் யாரும் அதைக் கணக்கில் சேர்ப்பதில்லை.

குழந்தைகள் விஷயத்தில் நாம் எதிர்ப்பக்கம் சாய்ந்தோம் என்று நினைக்கிறேன். 10 வயதில் தொற்றால் இறக்கும் வாய்ப்பு சுமார் ஐம்பதாயிரத்தில் ஒன்று. 2020 மார்ச்சில் மூடிய நம் தமிழகப் பள்ளிகளில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் திறந்தது 2021 நவம்பர் 1-இல். முதல் சில மாதங்கள் மூடியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது, வீட்டில் பெரியவர்களுக்கு ஊசியும் கிடையாது. ஆனால் கல்யாண மண்டபமும் கடைவீதியும் திறந்த பிறகும் ஒன்றாம் வகுப்பு மூடியே இருந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது? எழுத்துக்கூட்டிப் படிக்க மறந்த பிள்ளைகளுக்காக இல்லம் தேடிக் கல்வி என்று ஒரு திட்டமே தொடங்க வேண்டி வந்தது. ஸ்மார்ட்போன் இருந்த வீட்டுப் பிள்ளை தப்பித்தது, இல்லாத பிள்ளை வேலைக்குப் போனது.

அடுத்த தொற்று இதே மாதிரி பெரியவர்களைக் குறிவைக்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. 1918 காய்ச்சல் 20 முதல் 40 வயதுக்காரர்களைத்தான் அதிகம் கொண்டுபோனது. அதனால் புதிதாக ஏதாவது வந்தால், முதலில் கேளுங்கள், எந்த வயதில் என்ன செய்கிறது, நம் ஊரில் இப்போது எவ்வளவு பரவியிருக்கிறது என்று. அப்புறம் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். போன தொற்றுக்குச் சொன்ன பதிலை அப்படியே எடுத்து மாட்ட வேண்டாம்.

நன்றி, வணக்கம்.