கல்பேனிக்கு ஒரு டிரஸ்ட்: காசு பிரிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

மக்களே, எல்லாருக்கும் வணக்கம். தேங்காப்பட்டணம் துறைமுகத்துல நிக்கேன். காத்து போட்டுத் தாக்குது, சத்தம் சரியா கேக்கலன்னா கொஞ்சம் பொறுத்துக்கிடுங்க.

2017 நவம்பர் கடைசியில ஒக்கிப் புயல் அடிச்சப்போ, தூத்தூர் பக்கத்துல இருந்து தங்கலுக்கு, அதாவது நாள்கணக்கா கடல்லயே தங்கி மீன் பிடிக்க, போன போட்டுக எங்கெங்கயோ ஒதுங்கிச்சு. லட்சத்தீவுல கல்பேனி, கில்தான், செத்லத்துன்னு கரையேறினவங்களும் உண்டு. அந்தப் புயல் கல்பேனியையும் விடல, தென்னையெல்லாம் சாச்சுப் போட்டுது. அந்த நிலைமையிலயும் நம்மாளுகளுக்குத் தங்க எடமும் சாப்பாடும் கிடைச்சுது.

இப்ப நம்ம பயலுக சிலர், அந்தத் தீவுக்கு ஏதாவது செய்யணும், ஒரு டிரஸ்ட் போடுவோம்னு கிளம்பியிருக்கானுவ. நல்ல காரியம்தான். ஆனா ஒருத்தன் அதுக்குள்ள அவன் சொந்த ஜிபே நம்பரைக் குரூப்ல போட்டுட்டான். மொதல்ல அதை எடுலேன்னு சொல்லிட்டேன்.

டிரஸ்ட் போட ரெண்டு டிரஸ்டி இருந்தா போதும், சார்பதிவாளர் ஆபீஸ்ல பதியலாம். சங்கமா பதியணும்னா 7 பேர் வேணும். பேன் கார்டு, பேங்க் கணக்கு எல்லாம் டிரஸ்ட் பேருல. அப்புறம் வருமான வரியில ரெண்டு பதிவு: டிரஸ்டோட வருமானத்துக்கு வரி விலக்கு கிடைக்க 12ஏ, காசு குடுக்கவங்களுக்கு வரிக் கழிவு கிடைக்க 80ஜி. இந்த அலைச்சலை ஆடிட்டர் பாத்துக்கிடுவார். பத்திரத்துல என்ன எழுதுதோம்ங்கிறதை நாமதான் பாக்கணும்.

நம்ம கடக்கரையில எது செஞ்சாலும் பங்குக் கோயில் வழியா, இல்லன்னா அதுக்குக் கீழ உள்ள குடும்பங்களோட குழுவான அன்பியம் வழியாதானே போவும்? அந்தப் பழக்கத்துல, இன்ன மதத்துக்காரங்களுக்கு, இன்ன சாதிக்காரங்களுக்குன்னு நோக்கத்துல எழுதிட்டா 80ஜி கிடைக்காது. மதம் சாதி பாக்காம, கல்பேனியில குடியிருக்குற மக்களுக்குன்னு எழுதணும். அங்க அநேகமா எல்லாரும் முஸ்லிம்கள். நம்மாளுக அநேகம் பேர் கத்தோலிக்கர். பத்திரத்துல ரெண்டும் வரக்கூடாது.

அடுத்தது கல்ஃப் காசு. இந்தியப் பாஸ்போர்ட் வச்சிருக்கவன் துபாய்ல சம்பாதிச்சு, சொந்தச் சேமிப்புல இருந்து பேங்க் வழியா அனுப்பினா அது வெளிநாட்டு நன்கொடை இல்ல. அதே உங்க சித்தப்பா மகன் கனடா சிட்டிசன் ஆயிட்டான்னா, அவன் பத்து டாலர் போட்டாலும் எஃப்சிஆர்ஏங்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ வேணும். அந்தப் பதிவு புது டிரஸ்டுக்கு லேசில கிடைக்காது. பொதுவா 3 வருஷம் நடந்திருக்கணும், அந்த 3 வருஷத்துல 15 லட்சம் செலவழிச்சிருக்கணும். அதனால வெளிநாட்டுல இருந்து யாரு அனுப்பினாலும் பாஸ்போர்ட் நகல் ஒண்ணு வாங்கி வச்சிருங்க. சொந்தக்காரன்கிட்ட எப்படிக் கேக்கன்னு வெக்கப்படாதீங்க. இன்னொண்ணு, ரொக்கமா 2,000 ரூபாய்க்கு மேல குடுத்தா குடுத்தவருக்கு 80ஜி கழிவு கிடையாது.

சரி, காசு வந்தா என்ன செய்ய? அரிசி, பாய், போர்வைன்னு வாங்கி அனுப்புவோம்னு ஒரு பேச்சு ஓடுது. கொச்சியில போய் கப்பல்ல ஏத்தி, அங்க இறக்குற செலவை யோசிச்சியளா? 2011 கணக்குப்படி சுமார் 4,400 பேர் உள்ள தீவு. பெரிய நோவுன்னா ஆளை ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு லட்சத்தீவுத் தலைநகர் கவரத்திக்கோ கொச்சிக்கோ போறாங்க. கூடப் போறவங்க கொச்சியில நாள்கணக்கா ரூம் வாடகை குடுத்து ஓட்டல்ல சாப்பிடணும். அந்த வாடகையையும் சாப்பாட்டையும் நாம ஏத்துக்கிட்டா போதும்னு நான் சொல்லுதேன். கொச்சி நமக்குப் பழக்கப்பட்ட ஊரு. எத்தனை போட்டு அங்க மீன் இறக்குது!

ஆனா இது என் நெனப்பு. அவங்களுக்கு வேற தேவை இருக்கலாம். கல்பேனியில குடியிருக்குற ஒருத்தராவது டிரஸ்டியா இருந்தே ஆகணும். பெர்மிட் இல்லாம தீவுல கால் வைக்க முடியாது, நாம நெனச்ச நேரம் போய்ப் பாத்துட்டு வர இது குளச்சல் இல்ல.

அங்க உள்ள ஒரு வாத்தியார்கிட்ட பேசியிருக்கோம். பத்திரத்தோட வரைவை மலையாளத்துல ஆக்கி அனுப்பியாச்சு. அவர் படிச்சுத் திருத்தம் சொன்ன பொறவுதான் முத்திரைத்தாள் வாங்குதோம்.