அறையைவிட்டு வெளியேறத் தெரிந்த பணியாளர்

சமூகப்பணி மாணவர்களே, ஆசிரியப் பெருமக்களே,

வேற்றுப் பண்பாட்டினரிடையே பணியாற்றச் செல்பவருக்கு, வணங்கும் முறையையும் காலணியைக் கழற்ற வேண்டிய இடத்தையும் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று பல பயிற்சி வகுப்புகள் எண்ணுகின்றன. அவையும் வேண்டியவையே. ஆயினும், முடிவெடுக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியைத் தொடாத மரியாதை வெறும் உபசாரம்தான் என்பது என் கருத்து. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான மாவோரி மக்களது அனுபவம் இதற்குச் சான்று.

மாவோரியரிடையே ஒரு குழந்தை பெற்றோருக்கு மட்டும் உரியதன்று. ‘ஃபானாவ்’ எனப்படும் விரிந்த குடும்பத்துக்கும், அதற்கு மேலுள்ள குலத்துக்கும் உரியது. உறவினர் குழந்தையை வாங்கி வளர்க்கும் ‘ஃபாங்காய்’ வழக்கத்தில், தன்னைப் பெற்றவர் யார் என்பது பொதுவாகக் குழந்தைக்குத் தெரிந்தே இருக்கும். 1955ஆம் ஆண்டின் தத்தெடுப்புச் சட்டமோ அந்த விவரத்தையே கோப்புக்குள் பூட்டி வைத்தது. வம்சாவளியைச் சொல்லித் தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் மக்களுக்கு நேர்ந்தது இது.

1980களில் மாவோரி மூத்தவர் ஜான் ராங்கிஹாவ் தலைமையிலான குழு, மாவோரியரின் மன்றங்களான மராயேக்களுக்கே சென்று மக்களின் குறைகளைக் கேட்டு, சமூகநலத் துறையில் நிறுவன இனவாதம், அதாவது விதிகளிலும் நடைமுறைகளிலுமே படிந்த இனப்பாகுபாடு, ஊறியிருப்பதாக ஒளிவுமறைவின்றி எழுதியது. அதன் தாக்கத்தில் பிறந்த 1989ஆம் ஆண்டுக் குழந்தைகள் நலச் சட்டம் குடும்பக் கூட்டம் என்ற ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. ஒருங்கிணைப்பாளர் உறவினரைத் தேடி அழைப்பார். குடும்பத்தின் வழக்கப்படி பிரார்த்தனையோடு கூட்டம் தொடங்கலாம். குழந்தையின் நிலை குறித்துத் தமக்குத் தெரிந்ததை அதிகாரிகள் சொல்வார்கள். பிறகு, குடும்பத்தார் இருக்கச் சொன்னாலொழிய, அதிகாரிகள் எழுந்து வெளியே போய்விட வேண்டும். தாத்தா, அத்தை, மாமன் எல்லோரும் தமக்குள் பேசி ஒரு திட்டம் வகுப்பார்கள். படித்த பணியாளருக்கு மூடிய கதவுக்கு வெளியே காத்திருப்பது எளிதன்று. எனினும் அவருடைய தொழில்திறனில் அதுவும் ஒரு பகுதியே.

ஆனால் திட்டத்துக்கு அதிகாரியின் இசைவும் தேவை என்பதால் கடிவாளம் துறையிடமே இருந்தது. 2019இல் ஹேஸ்டிங்ஸ் நகர மருத்துவமனையில் பச்சிளம் மாவோரிக் குழந்தை ஒன்றைத் தாயிடமிருந்து பிரிக்க அதிகாரிகள் முயன்றது நாடெங்கும் கொந்தளிப்பை எழுப்பியது. 2021இல், உடன்படிக்கை மீறல் குறித்த மாவோரியரின் புகார்களை விசாரிக்கும் வைத்தாங்கி தீர்ப்பாயம், குழந்தைகள் பிரிக்கப்படும் இந்த அவலத்தின் வேரைப் பணியாளர்களின் பழக்கவழக்கங்களில் தேடவில்லை. மாவோரியர் தம் இல்லங்களைத் தாமே ஆளும் உரிமைக்கு பிரிட்டிஷ் அரசும் மாவோரித் தலைவர்களும் செய்துகொண்ட 1840 உடன்படிக்கை தந்த உறுதியை அரசு காக்கத் தவறியதையே சுட்டிக்காட்டியது.