பெயர் சொல்லாத சட்டங்கள்

பெரியோர்களே, தாய்மார்களே, கொழுந்து நிறுத்த கையோடு நேராக இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, படிக்கிற பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்று நம் இலங்கை அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. பிள்ளைகள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரு சட்டம் யாருடைய பெயரையும் சொல்லாமல், எல்லோருக்கும் ஒரே விதியை வைத்துக்கொண்டே, ஒரு சமூகத்தை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட முடியும். மலையகத்தில் அது ஒரு தடவை மட்டும் நடக்கவில்லை. இன்று நான் பேச வந்தது அதைப் பற்றித்தான்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டத்தை எடுங்கள். இந்த நாட்டில் பிறந்த ஒருவர் வம்சாவளியால் பிரஜையாக வேண்டுமானால், அவருடைய தகப்பன் இங்கே பிறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் தகப்பன் வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்க வேண்டும். விதி அவ்வளவுதான். தேயிலை என்றோ தோட்டம் என்றோ அதில் பேச்சே இல்லை. ஆனால் அந்த விதி வந்து விழுந்த இடத்தைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே ஊரில் இருந்தவனிடம் யாரும் பாட்டனின் பிறப்புச் சான்றிதழைக் கேட்கவில்லை. இந்தியாவிலிருந்து வந்து காட்டை வெட்டி, கோப்பி நட்டு, கோப்பி அழிந்தபின் தேயிலை நட்டவனிடம்தான் கேட்டார்கள். அவன் பாட்டன் பிறந்ததை எந்தக் கடுதாசியில் யார் எழுதி வைத்தார்கள்?

அடுத்த வருடமே இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் வந்தது. விண்ணப்பித்துப் பிரஜையாகலாம் என்றார்கள். 1946ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன், கல்யாணமானவர் 7 வருடம், ஆகாதவர் 10 வருடம் இங்கே தொடர்ந்து குடியிருந்ததை நிரூபிக்க வேண்டும். சுமார் 8 இலட்சம் பேருக்காக விண்ணப்பம் போனது. கிடைத்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 34 ஆயிரம் பேருக்கு. செத்த வீட்டுக்கு இந்தியா போய் வந்ததுகூடத் தொடர்ந்த குடியிருப்பை அறுத்துவிடுமோ என்று அந்தக் காலத்து மனிதர்கள் பயந்து கிடந்தார்கள்.

அதே 1949இல் தேர்தல் சட்டமும் திருத்தப்பட்டது. பிரஜைக்கு மட்டும்தான் வாக்கு. 1947 தேர்தலில் மலையகத் தொகுதிகளிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ்காரர்கள் பாராளுமன்றம் போயிருந்தார்கள். 1952இல் ஒருவர்கூடப் போகவில்லை.

எல்லோரும் தலையாட்டிவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கேகாலைப் பக்கம், றுவன்வெல்ல தொகுதியில் கோடகன்பிள்ளை என்பவர் தன் பெயரை வாக்காளர் இடாப்பில் சேர்க்கும்படி கேட்டார். இடாப்பைச் சரிபார்க்கும் மீளாய்வு அதிகாரியாக இருந்த சிவஞானசுந்தரம், அந்தச் சட்டங்களே செல்லாது என்று தீர்ப்பு எழுதினார். அன்று நடைமுறையிலிருந்த சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு, ஒரு சமூகத்துக்கு மட்டும் தகுதியீனத்தைச் சுமத்தும் சட்டத்தைப் பாராளுமன்றம் இயற்றக் கூடாது என்று தடுத்திருந்தது. அந்தப் பிரிவைத்தான் அவர் பிடித்துக்கொண்டார். ஒரு சாதாரண அதிகாரி அப்படி எழுதுவதற்கு எவ்வளவு நெஞ்சுரம் வேண்டும் என்று யோசியுங்கள். உயர் நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1953இல், அன்று நமக்குக் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக லண்டனிலிருந்த பிரிவி கவுன்சிலும் தள்ளியது. யார் தன் பிரஜை என்று தீர்மானிப்பது ஒரு நாட்டின் இயல்பான அதிகாரம், சட்டத்தின் வாசகத்தில் எந்தச் சமூகமும் குறிவைக்கப்படவில்லை என்பதே அந்தத் தீர்ப்பின் சாரம். என் கருத்தில் தவறான தீர்ப்பு. வாசகத்தைப் பார்த்தார்கள், அது யார் தலையில் விழுகிறது என்பதைப் பார்க்கவில்லை.

1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தைப் பற்றி இங்கே நீட்டத் தேவையில்லை. இந்திய, இலங்கை அரசுகள் இரண்டும் உட்கார்ந்து 5 இலட்சத்து 25 ஆயிரம் உனக்கு, 3 இலட்சம் எனக்கு என்று மனிதரைப் பங்கு போட்ட கதை உங்கள் வீடுகளிலேயே இருக்கிறது. 2003ஆம் ஆண்டின் சட்டத்தோடுதான் நாடற்றவர் என்ற நிலை முடிவுக்கு வந்தது.

சரி, பிரஜாவுரிமை கிடைத்துவிட்டது, பிறகென்ன என்று இளைஞர்கள் கேட்பீர்கள். 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தைச் சொல்கிறேன். பிரதேச சபைத் தேர்தலில் தோட்டத்து மக்கள் வாக்குப் போட்டார்கள். நம் ஆட்களே உறுப்பினரானார்கள், சில இடங்களில் தவிசாளரும் ஆனார்கள். ஆனால் அந்தச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புக்குள் சபைப் பணத்தைச் செலவழிக்கக் கையைக் கட்டியிருந்தது. கிராமத்துப் பாதை தார் போட்டு வந்து தோட்ட எல்லையில் நிற்கும். அதற்குமேல் பிள்ளைத்தாய்ச்சியைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும். இதிலும் இனம் இல்லை, மொழி இல்லை, தோட்டம் என்ற நிலத்தின் வகை மட்டும்தான். 2018இல் திருத்தப்படும் வரை 31 வருடம் அது சட்டமாகவே இருந்தது.

இன்றைக்கும் அதே முறைதான். ஓர் அலுவலகத்தில் வதிவிடத்துக்குச் சான்றாகக் காணி உறுதிப்பத்திரம் கொண்டு வா என்கிறார்கள். எல்லோரிடமும்தான் கேட்கிறார்கள். தோட்டத்து வரிசை வீடான லயத்துக் காம்பராவில் நான்கு தலைமுறையாக இருக்கிறவரிடம் உறுதி எங்கே இருக்கும்? பொலிஸில் தனக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தின் அடியில் நம் அம்மா ஒருவர் கையெழுத்துப் போடுகிறார். அரசாங்க அலுவலகத்தோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பே அவருக்கு உரிமை தந்திருக்கிறது. கேட்காதவர்களுக்கு அதை யாரும் தாமாகக் கொடுப்பதில்லை.

இப்போது கவனமாகக் கேளுங்கள், எழுதியும் கொள்ளுங்கள். அரச அதிகாரி ஒருவர் உங்கள் அடிப்படை உரிமையை மீறினால், 126ஆம் உறுப்புரையின்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். ஒரு மாதம் என்பது கொழும்புக்குப் போய் வக்கீல் பிடிக்கவே போதாது. ஆனால் அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறைப்பாடு கொடுத்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. 1996ஆம் ஆண்டின் ஆணைக்குழுச் சட்டம், 13ஆம் பிரிவு. ஆகவே மறுத்தால் எழுத்தில் கேளுங்கள், திகதி போடச் சொல்லுங்கள், பிரதி ஒன்றை வீட்டில் வையுங்கள். தோட்ட நிர்வாகம் செய்கிற பாகுபாட்டுக்கு இந்த வழி நேரடியாகப் பொருந்தாது. அதற்குத் தொழில் திணைக்களமும் தொழில் நியாய சபையும் இருக்கின்றன.

இதெல்லாம் அதிகாரியின் செயலுக்கு. சட்டமே அநியாயமாக இருந்தால்? நம் அரசியலமைப்பின் 80ஆம் உறுப்புரைப்படி, சபாநாயகர் சான்றுரைத்த பிறகு ஒரு சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் கேட்க முடியாது. 16ஆம் உறுப்புரை, இந்த அரசியலமைப்புக்கு முன்பிருந்த பழைய சட்டம் அடிப்படை உரிமைக்கு முரணாக இருந்தாலும் அது செல்லும் என்கிறது. அன்று ஒரு சிவஞானசுந்தரம் கேட்ட கேள்வியை இன்று கேட்கவே வழி இல்லை. புதிய அரசியலமைப்பு கொண்டு வருகிறோம் என்று எந்தக் கட்சிக்காரர் இந்த மலைக்கு வாக்குக் கேட்டு ஏறி வந்தாலும், சம்பளத்தையும் காணியையும் பற்றிக் கேட்டுவிட்டு, 16ஐயும் 80ஐயும் என்ன செய்யப் போகிறீர்கள் என்று கேளுங்கள். பதிலை எழுத்தில் வாங்குங்கள்.